நாலு ஊர் வேண்டாம், ஒரு மலை போதும்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதை தரட்டுமா?" என்றேன். "கவிதை மட்டும் நாற்பது வந்து கெடக்கு. கட்டுரை கொடுடா" என்றான். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், இப்போது நம் வகுப்பில் எல்லோர் வாயிலும் இருக்கிற விஷயத்தையே எழுதுவது என்று முடிவு செய்தேன். அதுதான் டூர்!

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களின் சுற்றுலாத் திட்டம் கரும்பலகையில் எழுதப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் கொடைக்கானல். இரண்டாம் நாள் மூணாறு. மூன்றாம் நாள் தேக்கடி, வாகமண். மறுநாள் காலை கல்லூரி வாசல். எழுதி முடித்ததும் வகுப்பே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். ஆனால் அன்று ராத்திரி பாம்பனுக்கு பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பட்டியல் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. மூன்று நாளில் நாலு மலை ஊர். இதில் டிரைவர் எப்போது தூங்குவார்?

இந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. காரணம் இருக்கிறது.

நம் வீட்டு வாசல் ரோடு

மலை நமக்குத் தூரம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் வாசலில் கிடக்கிற ரோடுதான் மலைக்குப் போகிறது. தனுஷ்கோடியிலிருந்து ராமநாதபுரம், மதுரை, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சி வரை ஒரே தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. அதற்கு எண் 49. 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது அது இரண்டாகப் பிரிந்து, நம் பக்கம் 87, மலைப்பக்கம் 85 என்று ஆனது. எண்தான் மாறியது, ரோடு அதே ரோடுதான். வங்கக் கடலில் ஆரம்பித்து, தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி, அரபிக் கடலில் முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, எங்கள் தீவிலிருந்து ஒரு வண்டிகூடச் சாலை வழியாக வெளியே போக முடியாது. ரயில்தான் கதி. பாலம் வந்த பிறகுதான் எங்கள் ஊர் மீன், ஐஸ் பெட்டியோடு லாரி ஏறி மலை ஊர்களுக்கு நேராகப் போக ஆரம்பித்தது. அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவர் என் அப்பா. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

டூர் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன்.

"எந்த ஊருக்குடா?"

"மூணாறும் இருக்குப்பா. நீங்க போயிருக்கீங்கள்ல?"

"நூறு தடவைக்கு மேல போயிருப்பேன்."

"எப்படிப்பா இருக்கும்?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கென்ன தெரியும்? ராத்திரியில ஏறுவேன், விடியறதுக்குள்ள பெட்டிய எறக்குவேன், வெயில் ஏறுறதுக்குள்ள கீழ வந்துருவேன். ஹெட்லைட் எம்புட்டுத் தூரம் விழுதோ, அம்புட்டுத்தான் நான் பார்த்த மலை."

நண்பர்களே, நாம் போட்டிருக்கிற திட்டத்தை இந்த வார்த்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராத்திரி பயணம், விடிந்ததும் ஒரு ஊர், இருட்டியதும் மறுபடி பயணம். பிழைப்புக்காக அப்பா பார்த்த மலையை, நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறோம்!

போன வருடம் நடந்தது

போன வருடம் இரண்டாம் ஆண்டில் நாம் போன டூர் ஞாபகம் இருக்கிறதா? ஒரு ராத்திரி முழுக்கப் பயணம், பகல் முழுக்கக் கொடைக்கானல், சாயங்காலம் இறங்கி மறு ராத்திரி முழுக்கப் பயணம், விடிந்தால் குற்றாலம். திட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன். இதை மறைக்க விரும்பவில்லை.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது இருட்டிவிட்டது. பின் சீட்டில் பாட்டு, ஆட்டம். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏதோ தீய்கிற வாடை வந்தது. முதலில் கிளட்ச் என்று நினைத்தேன். டிரைவர் பிரேக்கை ஒருமுறைக்கு இருமுறை அழுத்துவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் கெட்டிக்காரர். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து, ஒரு டீக்கடை ஓரம் அகலமாக இருந்த இடத்தில் பஸ்ஸை மலைப்பக்கம் அணைத்து நிறுத்திவிட்டார். எல்லோரும் இறங்கினோம். சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. பாட்டும் நின்றுவிட்டது.

டிரைவர் டீக்கடை பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டேன். "கண்ணு ஒரு செகண்ட் சொக்கிருச்சு தம்பி. எந்த கியர்ல வர்றோம்னே தெரியல" என்றார். "பகல்ல தூங்கலையாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்க போட்ட பிளான்ல நான் தூங்குறதுக்கு எங்க தம்பி எடம் இருக்கு?"

அந்த அண்ணன் சொன்னது இன்றுவரை என் காதில் நிற்கிறது. நாம் எழுதிய தாளில் ஏரி இருந்தது, தூண் பாறை இருந்தது, அருவி இருந்தது, பிரியாணி இருந்தது. வண்டியை ஓட்டுகிற மனிதனின் தூக்கம் மட்டும் இல்லை. தப்பு அவருடையது இல்லை, நம்முடையது.

மெக்கானிக்கல் மாணவன் கணக்கு

நாம் படிக்கிற படிப்புக்கு ஒரு கணக்காவது போட வேண்டாமா? ஆட்களோடு சேர்த்து 9 டன் எடையுள்ள ஒரு பஸ், கொடைக்கானலிலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 1,700 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 15 கோடி ஜூல். இவ்வளவு ஆற்றலும் வெப்பமாகி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பெரும்பகுதி பிரேக் டிரம்முக்குள்தான் போகும். 30 டிகிரியில் இருக்கிற தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பத்தைப் பயன்படுத்தினால், ஐந்நூறு லிட்டர் கொதித்துவிடும். அதாவது இரண்டரை டிரம் தண்ணீர்!

சூடு ஏற ஏற பிரேக் லைனிங்கின் உராய்வு குறைகிறது, டிரம்மும் விரிகிறது. காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் பழைய டிரைவர்கள் 'ஏறின கியர்லயே எறங்கு' என்கிறார்கள். கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் அவசரத்துக்கு மிச்சம் இருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். ஏர் பிரேக் வண்டியில் இன்ஜின் ஓடினால்தான் கம்பிரஸர் காற்றை நிரப்பும். பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான்.

இது எல்லாம் டிரைவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் செய்ய விழித்திருக்கிற மூளை வேண்டும். இந்த வருடத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறக்குறைய 850 கிலோமீட்டர். சமவெளியில் மணிக்கு 50, மலையில் மணிக்கு 30 என்று போட்டாலும், சக்கரம் சுழலும் நேரம் மட்டும் 22 மணிக்கு மேல் வருகிறது. அதில் பாதி ராத்திரி. பகலில் நாம் ஊர் சுற்றும்போது வண்டியை இங்கே நகர்த்து, அங்கே நிறுத்து என்று அவருக்கு வேறு வேலை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதியவர்கள், நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றும் பொதுவாக வகுத்தார்கள். ஓட்டுகிறவன் மனிதன் என்பது அறுபது வருடங்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட விஷயம். நமக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

எந்த மாதம் போவது?

அடுத்து மாதம். பூஜை விடுமுறையில் போகலாம் என்கிறார்கள். "வெளிநாட்டுல இந்த மாசத்துலதான் மலைக்குக் கார் எடுத்துட்டுப் போவாங்கடா" என்று ஒரு நண்பன் செல்போனில் படம் காட்டினான். உண்மைதான். ஜப்பானிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் குளிர் வருவதற்கு முன் இலைகள் பச்சை இழந்து மஞ்சளும் சிவப்புமாக மாறும். அதைப் பார்க்கவே மக்கள் காரில் கிளம்புகிறார்கள். ஆனால் நம் மலைச் சோலைகள் வருடம் முழுக்கப் பச்சை. தேயிலையும் பச்சை. அந்தச் சிவப்பை இங்கே தேடினால் ஏமாற்றம்தான்.

நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தோமே, மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டோம். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி என்றால் மார்கழி, தை. மலைக்கு உரிய காலம் எது என்று நம் முன்னோர்கள் அப்போதே குறித்து வைத்திருக்கிறார்கள். நெய்தலுக்கு ஆறு பருவமும் உரியது. அதாவது நமக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு! மழை கழுவிவிட்ட மலை, நிறைந்த அருவி, காலைப் பனிமூட்டம் எல்லாம் இந்த நாலு மாதத்தில்தான்.

ஆனால் கூதிரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஐப்பசி நம் வடகிழக்குப் பருவமழையின் மாதம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, அதோடு நிற்காமல் கொடைக்கானல் மலை வரை போய் மரங்களைச் சாய்த்தது. கடலில் பிறந்த புயல் மலைக்கும் போகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? மீன்துறை டோக்கன் கொடுக்காது. விசைப்படகு கரையில் நிற்கும். நாலு நாள் வருமானம் போகும். வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். ஆனாலும் போவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலை அதன் பாட்டுக்கு விடுகிறோம். கடலுக்குக் காற்றுப் பார்த்துப் போகிற நாம், மலைக்கு மட்டும் "அட்வான்ஸ் கொடுத்தாச்சு, மழை பெய்தாலும் போயே ஆகணும்" என்று கிளம்பினால் அது என்ன நியாயம்? வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை சொல்கிறது. மலைக்கு அதுதான் கூண்டு.

ஆகவே இரண்டு தேதி குறிப்போம். முதல் தேதி கூதிரில். ஐப்பசியில், பூஜைக் கூட்டம் வடிந்த பிறகு. மழை எச்சரிக்கை வந்தால் இரண்டாவது தேதி முன்பனியில். பரீட்சை எல்லாம் முடிந்து மார்கழிக் கடைசியில். பஸ் பேசும்போதே 'மழை என்றால் தேதி மாற்றுவோம், முன்பணம் போகக்கூடாது' என்று எழுதி வாங்கிக்கொள்வோம்.

பட்டியலில் இல்லாத ஒன்பது பேர்

இதுவரை சொன்னது உயிர் பற்றியது. இனிச் சொல்லப்போவது மானம் பற்றியது.

நம் வகுப்பில் 34 பேர். டூருக்குப் பெயர் கொடுத்தது 25 பேர். மீதி ஒன்பது பேரில் நாலு பேர் மாணவிகள். நம் வகுப்பில் இருப்பதே நாலு மாணவிகள்தான்! காரணம் கேட்டேன். "ராத்திரி பஸ்ல போகணும்னா வீட்ல விட மாட்டாங்க. பகல்ல போயி, டீச்சரோட ரூம்ல தங்குறதுன்னா கேட்டுப் பார்க்கலாம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நாம் யாருமே அவர்களைக் கேட்கவில்லை. 'அவங்க வர மாட்டாங்க' என்று நாமே தீர்மானித்துவிட்டோம். அவர்களைத் தடுத்தது அவர்கள் வீடு மட்டுமா? நம் திட்டமும்தான்.

மற்ற ஐந்து பேரில் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். "எனக்கு மலை ஏறினா வாந்தி வரும்டா, அதான் வரல" என்றான். போன வருடம் அவன் நம்மோடு வந்தான், வாந்தி எடுக்கவில்லை. இந்த வருடம் அவன் தங்கச்சியும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். தலைக்கு 3,500 ரூபாய் என்றதும் அவனுக்கு வாந்தி வந்துவிட்டது. இதில் இன்னொரு கொடுமை என்ன தெரியுமா? வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவனுடையது. கரும்பலகையில் அந்த டூர் திட்டத்தை எழுதியதே அவன்தான். கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, வாகமண் என்று கலர் சாக்பீஸில் எழுதி, ஓரத்தில் மலை படமும் வரைந்துவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நாம் கை தட்டினோம்!

பஸ்ஸில் 36 சீட். பஸ் வாடகை 25 பேர் ஏறினாலும் அதேதான், 34 பேரும் இரண்டு ஆசிரியர்களும் ஏறினாலும் அதேதான். ஒன்பது பேரை விட்டுவிட்டு, அவர்களின் காலி சீட்டுக்கும் நாமே காசு கட்டப் போகிறோம். இதுதான் திட்டமா?

என் திட்டம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்பார்கள். ஆகவே என் திட்டத்தையும் வைக்கிறேன். அப்பாவிடமும் கேட்டுத்தான் போட்டேன்.

ஒரே மலை. மூணாறு. மூன்று பகல், இரண்டு இரவு.

முதல் நாள் விடியற்காலை 5 மணிக்கு ராமநாதபுரத்தில் கிளம்புகிறோம். மதுரையில் டிபன். பத்தரை, பதினொன்றுக்குப் போடி. அங்கே அரை மணி டிரைவருக்கு ஓய்வு. டயர், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு மலை ஏறுகிறோம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்து, கீழே போடி சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி ஏறலாம். பூப்பாறை, தேவிகுளம் வழியாகப் பிற்பகலில் மூணாறு. அன்று வேறு எங்கும் கிடையாது. டிரைவருக்கும் நமக்கும் படுக்க இடம். அவருக்குத் தனிக் கட்டில், நம் செலவில்.

இரண்டாம் நாள் முழுவதும் அங்கேயே. காலையில் இரவிகுளம் தேசியப் பூங்கா. நம் மாநில விலங்கான வரையாடு, பாறைமேல் நிற்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அங்கேதான் நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இப்போது போய்ப் பூ இல்லையே என்று வருந்த வேண்டாம். செடியைப் பார்த்துவிட்டு வருவோம். பூக்கும்போது நாம் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் இருப்போமோ! மத்தியானம் தேயிலைத் தொழிற்சாலை. இலை எப்படி வாடவைக்கப்படுகிறது, உருட்டும் இயந்திரம் எப்படி ஓடுகிறது, உலர்த்தும் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், துறைத் தலைவர் 'இன்டஸ்ட்ரியல் விசிட்' என்று கையெழுத்தும் போட்டுவிடுவார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பூங்கா இருக்கிற ராஜமலைப் பக்கம்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் மேல் மலை சரிந்து 70 உயிர் போனது. அவர்களில் பெரும்பாலோர் நம் தென் மாவட்டங்களிலிருந்து பல தலைமுறைக்கு முன் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள். நாம் அழகு என்று படம் எடுக்கிற பச்சைக்குள் தமிழ் பேசுகிற ஜனங்கள் கூடை சுமந்து வாழ்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் அரிச்சல்முனையில் பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் போட்டுவிட்டுப் போகும்போது நமக்கு எப்படி எரிகிறது? அதே எரிச்சலை நாம் இன்னொரு ஊருக்குக் கொடுக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே. சரக்குப் பாட்டில் வண்டியில் ஏறக்கூடாது. கோபம் வந்தாலும் பரவாயில்லை, எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை 8 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மலை இறங்கி, மாலைக்குள் ஊர். ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு, ஏறின கியரிலேயே இறங்குவோம்.

கேரளம் என்பதால் பஸ்ஸுக்கு வெளி மாநில பெர்மிட்டும் வரியும் இருக்கிறதா என்று பேசும்போதே கேட்க வேண்டும். 'இல்ல, கொடைக்கானல்தான் வேணும்' என்று பெரும்பான்மை சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கேயும் ஒரே மலை, பகல் பயணம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. போகிற நாளில் என்ன விதி என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் போதும்.

செலவு? மொத்தம் 850 கிலோமீட்டர், சுமார் 610 ஆகக் குறைகிறது. தேக்கடி படகு, வாகமண் ஜீப், நாலு ஊர் நுழைவுக் கட்டணம் எல்லாம் இல்லை. ரூம் வாடகை கூடுகிறது, உண்மை. ஆனால் 34 பேர் பங்கு போட்டால், தலைக்கு 2,600-க்குள் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வாங்கிச் சரிபார்க்கலாம். அந்த 2,600-ம் முடியாதவர்களுக்கு, யாருக்கு என்று யாருக்கும் தெரியாமல், பேரவை நிதியிலிருந்து உதவ வழி செய்ய வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை கேட்டது நீதானே!

"ஒரு தடவைதானே போறோம்!"

எனக்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கிறது. "டிப்ளமோ முடிஞ்சா ஆளுக்கு ஒரு திசை. திருப்பூர், ஓசூர், வளைகுடான்னு போயிருவோம். மறுபடி எங்க சேரப்போறோம்? ஒரே தடவையில நாலு ஊரையும் பார்த்துருவோமே" என்று என் பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கு இதுதான் முதல் மலை. சிலருக்கு இதுவே கடைசி மலையாகவும் இருக்கலாம். எங்கள் அம்மா இதுவரை மலையே பார்த்ததில்லை. அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது.

ஆனால் போன வருடம் பார்த்த குற்றாலத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கு ஞாபகம் இருப்பது பஸ் சீட்டும் கழுத்து வலியும்தான். அந்த டூரில் உண்மையாக ஞாபகம் இருக்கிற இடம் எது தெரியுமா? பிரேக் ஆறுவதற்காக நாம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த அந்த டீக்கடை. குளிர், மூடுபனி, தூரத்தில் அடிவாரத்து விளக்குகள். யாரும் செல்போன் பார்க்கவில்லை. பயத்தில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் பேசாததை எல்லாம் பேசினோம். ஒரு இடத்தில் நின்றதால்தான் அது கிடைத்தது. ஒரு தடவைதான் போகிறோம் என்றால், அதனால்தான் நிதானமாகப் போக வேண்டும் என்கிறேன். ஒரு தடவைதான் போகிறோம் என்றால், அதனால்தான் 34 பேரும் போக வேண்டும் என்கிறேன்.

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது டூருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். முன்பணம் இன்னும் கட்டவில்லை. கரும்பலகையைத் துடைத்து எழுத நேரம் இருக்கிறது. புதிய திட்டத்தையும் அதே அழகான கையெழுத்துக்காரன்தான் எழுத வேண்டும். ஆனால் இந்தத் தடவை முதலில் அவன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு!

எனக்கு ஒரு சின்ன ஆசை. திரும்பி வந்ததும், "எப்படிடா இருந்துச்சு?" என்று அப்பா கேட்பார். ஹெட்லைட் வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்காகவாவது பகலில் போவோம்.

தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரி என்று பட்டால் அடுத்த வகுப்புக் கூட்டத்தில் கை தூக்குங்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை